தோளுக்கு மேலே விட்ட பந்து

ஐயா, அந்த எறி உங்களுடையது இல்லை. நீங்கள் அதைத் திருடினீர்கள். திருடுவதற்கு முன்னால் அதைத் தப்பு என்று விசில் ஊதி, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டீர்கள்.

போன மாதம் சென்னையில் உங்களுக்குப் பாராட்டு விழா. எறிபந்துக்கு நீங்கள் செய்த தொண்டைப் பற்றி ஆள் ஆளாக வந்து பேசினார்கள். கடைசியில் நீங்கள் எழுந்து, பள்ளிக்கூடப் பெண்கள் இன்றைக்கு எறிகிற சுழல் எறி நான் கண்டுபிடித்தது என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நடவுக்காரப் பெண் ஒருத்தி இதைத் தாறுமாறாக எறிவாள், நான்தான் விசில் ஊதி நிறுத்தினேன் என்று சொல்லி, மேடையிலேயே குரங்கு மாதிரி கையைச் சுழற்றிக் காட்டினீர்கள். சபை சிரித்தது. நான் பின்வரிசையில் கையில் போண்டாவோடு உட்கார்ந்திருந்தேன். போண்டா நன்றாகத்தான் இருந்தது. பேச்சுதான் ஊசிப்போயிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு டிரில் டீச்சர் நான். நடந்தது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். சிரித்த சபைக்குத்தான் தெரியாது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் திருவள்ளூர்க்காரி. அப்பா அங்கே கோர்ட்டில் குமாஸ்தா. நான் சென்னையில் காலேஜ் படித்தபோது இந்த மின்சார ரயில் கிடையாது, கரி வண்டிதான். காலையில் வெள்ளைச் சேலையோடு ஏறினால் சென்ட்ரலில் சாம்பல் சேலையோடு இறங்கலாம். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் கொஞ்சம் தூரம். வண்டி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் வீட்டை விட்டே கிளம்புவேன். காலேஜில் நூறு கெஜ ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தபோது, யாரிடம் பயிற்சி என்று கேட்டார்கள். மதராஸ் பாசஞ்சரிடம் என்றேன்.

அங்கே நான் ஆடாத ஆட்டம் இல்லை. ஓட்டம், உயரத் தாண்டல், குண்டெறிதல், வளையம் வீசுகிற ரிங், பூப்பந்து, எறிபந்து, எல்லாவற்றிலும் டீமில் இருந்தேன். ஆர்வம், லட்சியம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டத்துக்குப் பேர் கொடுத்தவர்களுக்குச் சாயங்காலம் சுண்டலும் காபியும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கிழமை. நான் வாரம் முழுக்கச் சுண்டல் தின்றேன். சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு நாங்கள் உயரம் தாண்டுவதைப் பார்க்க மதில் சுவருக்கு வெளியே ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். ஒருநாள் பந்தை எடுக்கப் போவதுபோலப் போய் ஒருவன் மண்டையில் பந்தாலேயே போட்டேன். அன்றிலிருந்து கூட்டம் கொஞ்சம் தள்ளி நின்றது.

அப்பாவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. "தாண்டித் தாண்டி எங்கம்மா போவப்போறே? ராத்திரி திருவள்ளூருக்குத்தானே வந்து சேரணும்?" என்பார். நான் வாங்கி வந்த முதல் கோப்பையில் அம்மா புளி போட்டு வைத்தாள். வெள்ளிக் கோப்பை என்று சொல்லிக் கொடுத்தார்கள், புளியில் கறுத்துப்போனதும் அது வெள்ளி இல்லை என்று தெரிந்தது.

பல ஆட்டம் ஆடியதில் எனக்கு ஒரு லாபம். ரிங்கில் மணிக்கட்டு தெரிந்தது. குண்டெறிதலில் இடுப்பு தெரிந்தது. எல்லா எறியும் காலில் பிறந்து கையில் முடிகிறது என்று தெரிந்தது. கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எறி புரியாது. அப்படி நின்றவர் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

டிரில் டீச்சர் பயிற்சி முடித்ததும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் போட்டார்கள். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி என்றால் புகைக்கூண்டும் லாரியும் இரும்பு உருக்குகிற ஆலையும். அன்றைக்கு நெல், புளியமரம், ஸ்டேஷன், அதற்குப் பக்கத்தில் டீக்கடை, அவ்வளவுதான். திருவள்ளூரும் அதுவும் ஒரே ஜில்லா, செங்கல்பட்டு. ஆனால் நேர் ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜ் போய், இறங்கி, இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அப்பா ஒரேயடியாக என்னை ஆந்திராவுக்கு அனுப்பியதுபோல நினைத்தார். அது அவ்வளவு தப்பும் இல்லை. அங்கே டீக்கடையில் பாதிப் பேர் என்னை "ஏம்மா" என்றார்கள், மீதிப் பேர் தெலுங்கில் "ஏமம்மா" என்றார்கள்.

முதல்நாள் ஹெட்மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளப் புள்ளைங்களுக்கு டிரில்லா? கோலாட்டம் சொல்லிக் குடும்மா. இன்ஸ்பெக்டர் வந்தா ஆடிக் காட்டணும். அது போதும்."

"கோலாட்டம் எனக்குத் தெரியாது சார். கோல் தெரியும்" என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

பழவேற்காட்டிலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்த ஒரு முஸ்லிம் வியாபாரிக் குடும்பம் எனக்கு ஓர் அறை கொடுத்தது. அந்த வீட்டுக்கார அக்கா காலையில் கதவைத் தட்டி, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்காமல் என்னை வெளியே விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எறிபந்துக்கு வலை இல்லை என்று புலம்பினேன். அவள் வீட்டுக்காரர் கருவாட்டு வியாபாரம், ஏரியிலிருந்து ஒரு பழைய மீன் வலை கொண்டு வந்து போட்டார். வலை பிரமாதம். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் மைதானத்தில் ஊர்ப் பூனைகளெல்லாம் ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தன. பந்து வலையில் பட்டால் போதும், எல்லாம் எழுந்து நிற்கும்.

எறிபந்து தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், பிடித்த உடனே ஒரு கையால் வலைக்கு அந்தப் பக்கம் எறிய வேண்டும். பந்து கையை விட்டுப் போகும்போது தோளுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்து விட்டால் தப்பு எறி, ஃபவுல். இந்தக் கடைசி விதியில்தான் இந்தச் சண்டை முழுக்க இருக்கிறது.

நீங்கள் கேலி செய்த அந்தப் பெண் கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தாள். அப்பன், அம்மா இரண்டு பேரும் அடுத்தவன் நிலத்தில் கூலி. அவள் சேரியிலிருந்து ஹைஸ்கூல் வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். தண்டவாளத்து ஓரமாகவே நடந்து பள்ளிக்கூடம் வருவாள். ரயில் போனால் அதோடு கொஞ்ச தூரம் ஓடி, கார்டுக்குக் கை காட்டுவாள். நெடுநெடு என்று இருப்பாள். வாய் சும்மா இருக்காது.

முதல்நாள் பந்தைக் கையில் கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், ஒரு சுழற்று சுழற்றி விட்டாள். பந்து வலையைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

"தோளுக்கு மேலே எறிடி" என்றேன்.

"மேல தானே டீச்சர் போச்சு? கண்ணால பாத்தீங்கல்ல?"

"போறது இல்லை, விடறது மேலே இருக்கணும்."

கையைத் தூக்கி எறிந்தாள். பந்து காலடியில் பொத்தென்று விழுந்தது. மறுபடி சுழற்றினாள், மதிலைத் தாண்டியது. ஒரு மாதம் இதே கதை. எறிந்த பந்தை எடுத்து வர ஓடி ஓடி மற்றப் பெண்களுக்கு நல்ல ஓட்டப் பயிற்சி ஆனது.

அப்புறம் திடீரென்று அவள் வரவில்லை. நடவு சமயம். அந்தச் சமயத்தில் வகுப்பில் பாதிப் பேர் வயலில்தான் இருப்பார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். நான் கேட்டேன். சனிக்கிழமை கவரைப்பேட்டையில் இறங்கி, வழி விசாரித்துக்கொண்டு வரப்பு மேலே போனேன். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நாற்று முடிகளை, அதாவது பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டுகளை, குவித்து வைத்து, இவள் ஒவ்வொன்றாக எடுத்து வயலுக்குள் வீசிக்கொண்டிருந்தாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். முடி இடுப்புக்குக் கீழே இருந்து கிளம்பியது. கால் அழுந்தியது, இடுப்பு திரும்பியது, கடைசியில் மணிக்கட்டு ஒரு திருகு திருகியது. முடி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுகிறவளின் கைக்கு எட்டுகிற இடத்தில், வேர்ப்பக்கம் கீழே இருக்க நட்டுக்குத்தலாய் விழுந்தது. உருளவில்லை, சாயவில்லை. விழுந்த இடத்தில் நின்றது.

அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாருடி அது, வெள்ளச் சேல கட்டிக்கினு வரப்புல நின்னுக்கினு கீது?"

"எங்க டிரில் டீச்சரும்மா."

"இன்னா டீச்சர், சேத்துல எறங்கப் போறீங்களா? பொடவ பாழாப் பூடும். மேலயே நில்லுங்க." பிறகு மகளிடம், "ஏய், டீச்சரப் பாத்துக்கினு கோணலா வீசாதே. படுத்துக்கினு வியுந்தா யாரு குனிஞ்சி நிமித்தறது? உன் மாமியாரா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஊரில் நடவு வயலில் வளர்ந்த பெண்கள் எல்லாரும் பந்தைக் கையில் கொடுத்தால் இதே தப்பைத்தான் செய்வார்கள். அவர்கள் கைக்கு அது பந்து இல்லை, நாற்று முடி. இவ்வளவு நாளாக இவள் கையை மாற்றப் பார்த்தேன். மாற்ற வேண்டியது கை இல்லை, பந்து விடுபடுகிற இடம் மட்டும்தான். கால் அப்படியே இருக்கட்டும், இடுப்பு அப்படியே இருக்கட்டும், திருகும் இருக்கட்டும். கை இன்னும் கொஞ்சம் மேலே வந்து, தோளைத் தாண்டின பிறகு விட்டால் போதும்.

நடவு முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, என் குடையை அவள் தோள் உயரத்துக்கு நேராக நீட்டிப் பிடிப்பேன். பந்தைக் கீழேயே விட்டால் குடையில் அடிக்கும். முதல் வாரத்தில் குடைக்கம்பி ஒவ்வொன்றாகப் போனது. வீட்டுக்கார அக்கா குடையை விரித்துப் பார்த்து, "மழக்கி நீ குட புடிக்கிறியா, குடக்கி மழ புடிக்கிறியா?" என்றாள். அவளே ஒரு மூங்கில் கழி கொடுத்தாள். கழியும் உடைந்தது. ஆனால் உடைகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் சத்தமே இல்லை.

அந்த எறியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஐயா. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து கீழே இருந்து புறப்பட்டு மேலே வந்து விடுபடும். எதிரே நிற்கிறவள் பின்னால் தள்ளி நிற்பாள், வேகமாக வருகிறது என்று நினைப்பாள். பந்து வலையைத் தாண்டியதும் செத்துப்போய், நட்டுக்குத்தலாய் முன்னால் விழும். நாற்று முடி விழுகிற மாதிரி. அதைப் பிடிக்க ஓடி வருகிறவள் மண்ணைத்தான் பிடிப்பாள். எங்கள் பெண்களே பிடிக்க முடியாமல் திட்டினார்கள். "ஏய், ஒயுங்கா எறிடி, இன்னா மாயம் பண்றே?" திட்டித் திட்டி அவர்களுக்கும் நன்றாகப் பிடிக்க வந்துவிட்டது. நான் பயிற்சி கொடுத்த டீம்கள் பின்னால் எத்தனையோ கோப்பை வாங்கின, வைக்க இடமில்லாமல் மதியச் சாப்பாட்டு அரிசி வைக்கிற அறையில் அடுக்கினோம். ஆனால் அந்த முதல் டீம் மாதிரி வாய் உள்ள டீம் எனக்கு அப்புறம் அமையவில்லை.

அந்த வருஷம் பந்தயம் பந்தயமாக ஜெயித்து, ஜில்லா இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். அவளுக்கு அது சும்மா ஆட்டம் இல்லை. பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம். அவள் அப்பன் என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். "படிச்சது போதும் டீச்சர். அடுத்த நடவுக்கு ஆள் வோணும்."

"ஜில்லா டீம்ல எடுத்துட்டாங்கன்னா?"

"எடுத்தா?"

"டிரில் டீச்சர் ட்ரெயினிங்ல சேத்துப்பாங்க. ஜில்லாவுக்கு ஆடின பொண்ணுக்கு இடம் உண்டு, சாப்பாடும் அங்கேயே. அப்புறம் என்னை மாதிரி வேலை."

அவர் அவளைப் பார்த்தார். "நைனா, இந்த வருசம் ஒண்ணு மட்டும் பாரு. எடுக்கலேன்னா நானே வந்து நாத்து புடுங்கறேன்" என்றாள் அவள். அவர் தலையாட்டினார். ஜில்லா டீம், இல்லாவிட்டால் வயல். அவ்வளவுதான் கணக்கு. டீமில் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும்.

இறுதி ஆட்டம் திருவள்ளூரில். என் சொந்த ஊர். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கரிப்பொடி மூஞ்சியோடு போய் இறங்கினோம். அங்கேதான் உங்களை முதலில் பார்த்தேன். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் பட்டு நாடாவில் விசில். ஆட்டத்துக்கு நடுவரும் நீங்கள்தான், முடிந்ததும் ஜில்லா டீமுக்கு ஆள் பொறுக்குகிறவரும் நீங்கள்தான். எங்கள் பெண்கள் உங்களைப் பார்த்து, "மாப்ள மாதிரி கீறாரு" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அதட்டினேன்.

முந்தைய பந்தயம் ஒன்றில் இவள் எறியைப் பார்த்து யாரோ முணுமுணுத்தது எனக்குத் தெரியும். அதனால் காலையிலேயே அவளை உங்கள் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினேன். "சார், இவள் எறியைப் பார்த்துச் சொல்லுங்கள். தப்பு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மாற்றிக்கொள்கிறோம்" என்றேன். அவள் எறிந்தாள். நீங்கள் இன்னொரு தரம் எறியச் சொன்னீர்கள். அப்புறம் இன்னொரு தரம். அப்புறம் பந்தை நீங்களே வாங்கி, அதே மாதிரி எறிந்து பார்த்தீர்கள். அது உங்களுக்கு வரவில்லை, காலில் விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தோளுக்கு மேலதானே விடுது? சரிதான்" என்றீர்கள். உங்கள் வாயால்.

சாயங்காலம் ஆட்டம். எதிரே ஒரு பெரிய பள்ளிக்கூடத்து டீம். புது வலை, புதுப் பந்து, எல்லாரும் ஒரே நிறத்தில் தாவணி. எங்கள் பெண்கள் ஆளுக்கு ஒரு நிறம். கூட்டத்தில் அப்பா கோர்ட் குமாஸ்தாக்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, முன்னால் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். விளையாட்டுப் பார்க்கப் பிடிக்காத மனிதர், எங்கள் பெண் ஒவ்வொரு பந்து பிடித்தபோதும் கை தட்டினார்.

இவள் எறிய ஆரம்பித்ததும் கூட்டம் எழுந்து நின்றது. அந்தப் பக்கத்துப் பெண்கள் ஓடி வருவதும் மண்ணைப் பிடிப்பதுமாக இருந்தார்கள். ஒருத்தி முட்டி தேய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போது நீங்கள் விசில் ஊதினீர்கள்.

"ஃபவுல்."

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி எறிந்தாள், அதே எறி. விசில். மறுபடி. விசில். நான் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தேன்.

"எந்த விதி சார்?"

"கீழேருந்து வருது."

"வருகிறது எங்கேயிருந்தானால் என்ன? விடுவது மேலே. காலையில் நீங்களே பார்த்துச் சரி என்றீர்கள்."

"காலையில காலையில. இப்ப ஆட்டம். டீச்சர், கோட்டுக்கு வெளிய போங்க."

"எந்த விதி என்று சொல்லுங்கள், போகிறேன்."

"பாக்கவே நல்லா இல்லம்மா. இது எறிபந்தா, நாத்து நடவா?" என்றீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் அப்பா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "கேட்டதுக்குப் பதில் சொல்லு சார்!" என்று கத்தினார். கோர்ட்டில் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகின குரல் இல்லை, குமாஸ்தாக் குரல்தான். ஆனாலும் மைதானம் முழுக்கக் கேட்டது. நீங்கள் விசிலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டீர்கள்.

அவள் என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது. "டீச்சர், இன்னா பண்ணட்டும்?"

"அந்த எறி வேண்டாம். சாதாரணமாக எறி. ஆனால் ஒரு பந்தும் கீழே விடாதே."

"இன்னா ரூலுன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"செரி. அத்த அப்பறம் கேப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனாள்.

அதற்கப்புறம் அவள் ஆடியதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். எந்தப் பந்தையும் விடவில்லை. அவள் எறிகிற சாதாரண எறியில் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற எதுவும் கீழே விழவில்லை. அவளுடைய செத்த பந்தைப் பிடிக்கப் பழகின எங்கள் பெண்களுக்கு அவர்கள் எறிந்ததெல்லாம் கையில் வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. எதிர் டீம் எறிந்து எறிந்து ஓய்ந்தது. நாங்கள் ஜெயித்தோம். அப்பா மைதானத்துக்குள்ளே ஓடி வந்து, யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் வலைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார்.

பிறகு நீங்கள் மேடையில் ஏறி, ஜில்லா டீமில் எடுத்த பெண்களைக் கூப்பிட்டீர்கள். எங்கள் டீமிலிருந்து நாலு பேர். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாக மேடைக்குப் போனாள். இவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு தயாராக நின்றாள். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் மேடைக்கு வந்து கேட்டேன். "தப்பு எறி எறியிற பொண்ண ஜில்லாவுக்கு எப்படிம்மா அனுப்பறது?" என்றீர்கள். ஆட்டத்தில் பாதி நேரம் அவள் அதை எறியவே இல்லை என்று சொன்னேன். அதற்குள் உங்களுக்குச் சோடா வந்துவிட்டது.

திரும்பும்போது வண்டியில் தேர்வான நாலு பேரும் அழுதார்கள். இவள் அழவில்லை. பேசின் பிரிட்ஜில் வாங்கின பன்னைத் தின்றுகொண்டே, "ஏண்டி அழுறீங்க? ஜில்லாவுக்குப் போயி ஜெயிச்சிட்டு வாங்க. நான் ஊட்ல கீறேன், எங்க போவப்போறேன்?" என்றாள். கவரைப்பேட்டையில் இறங்கியபோது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நாத்து முடி வீசறப்போ விசில் ஊதமாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த நடவுக்கு அவள் வயலில் இருந்தாள்.

அடுத்த வருஷம் டிரில் டீச்சர்களுக்குச் சென்னையில் ஒரு முகாம் போட்டார்கள். எறிபந்துக்கு நீங்கள்தான் பயிற்சியாளர். நாங்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒரு காலேஜ் பெண்ணைக் கொண்டு வந்து நிறுத்தி, "இது நான் உருவாக்கின புது எறி. சுழல் எறி" என்றீர்கள். அவள் எறிந்தாள். பந்து இடுப்புக்குக் கீழே கிளம்பியது. கால், இடுப்பு, மணிக்கட்டுத் திருகு. வலையைத் தாண்டி நட்டுக்குத்தலாய் விழுந்தது. அதே எறி. ஆனால் சின்னச் சின்னத் தப்பு இருந்தது. அவள் காலை அழுத்தவே இல்லை. திருவள்ளூரில் அன்றைக்கு விடியலில் நீங்கள் அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் அல்லவா?

நான் எழுந்தேன். "சார், இது ஃபவுல்."

முகாமே திரும்பிப் பார்த்தது. நீங்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டீர்கள். அது உங்கள் முகத்தில் தெரிந்தது. "தோளுக்கு மேலதாம்மா விடுது. பாத்தீங்கல்ல?" என்றீர்கள். "கேள்வியெல்லாம் கடைசில" என்றீர்கள். கடைசியில் உங்களுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. எதிர் டீம் பள்ளிக்கூடம் பெரியது, அதனாலா? உங்களுக்கு வராத எறி ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு வந்தது என்பதாலா? கண்டபடி யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். காரணம் எனக்குத் தேவை இல்லை. விதி எது என்பதுதான் தேவை.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, வயலெல்லாம் ஆலையானதும் அவளும் ஆலைக்கு வந்துவிட்டாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் வேலை. நன்றாகத்தான் இருக்கிறாள். வாய் இன்னும் சும்மா இல்லை. ஊரில் அவளுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு, "ஃபவுலு." ஆலையில் கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகள் எறிபந்து ஆடுகிறாள். வீட்டு வாசலில் அம்மா அந்த எறியைச் சொல்லிக்கொடுக்கப் போனாள். மகள், "யம்மா, அது பெரிய சார் கண்டுபிடிச்ச எறி. உன்னியதான் அவரு ஃபவுலுன்னு நிறுத்தினாராமே, எங்க டீச்சர் சொன்னாங்க" என்றாளாம். இவள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதைச் சொன்னாள். "டீச்சர், ஊரு சொன்னாப் பரவால்ல. எம் பொண்ணே நம்ப மாட்டேங்குது." ஆறுதல் என் வேலை இல்லை.

அடுத்த மாதம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைப் பெண்களின் விளையாட்டு விழா. பரிசு கொடுக்க நீங்கள் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவளும் வருவாள், மகளும் வருவாள், நானும் வருகிறேன். பரிசெல்லாம் அப்புறம் கொடுக்கலாம். முதலில் மைக்கைப் பிடித்து, அவள் மகள் காதில் விழுகிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அதே எறி, அதே தோள். காலையில் சரியாக இருந்தது, சாயங்காலம் தப்பாகிவிட்டது, அடுத்த வருஷம் உங்களுடையதாகிவிட்டது. எந்த விதிப்படி, ஐயா?